பெப்ரவரியில் வீடு பாருங்கள்: தோர்தோன் கிராமத்துக்குக் குடிவரப்போகிறவர்களுக்கு

பிரான்சின் தென்மேற்கில் இருக்கும் தோர்தோன் மாவட்டத்தில் வீடு வாங்க நினைக்கும் பிரித்தானியர் பெரும்பாலும் ஜூலையிலோ ஆகஸ்டிலோ வந்து பார்க்கிறார்கள். சூரியகாந்தி பூத்திருக்கும், சாப்பாட்டுக் கடைகளெல்லாம் திறந்திருக்கும், எந்த வீட்டைக் காட்டினாலும் பிடித்துப்போகும். என்னிடம் யோசனை கேட்கிறவர்களிடம் பெப்ரவரியில் வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். மழை தூறும் ஒரு திங்கட்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது. அன்றைக்கு எது திறந்திருக்கிறதோ அதுதான் உங்கள் ஊர்.

நானும் கணவரும் லண்டன் ஹரோவில் இருந்து வந்து ரிபெராக் என்ற சிறுநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு குக்கிராமத்தில் இருக்கிறோம். நான் உள்ளூராட்சி அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனாலேயோ என்னவோ, அக்கம்பக்கத்து ஆங்கிலேயர்கள் புரியாத படிவம் ஒன்று வந்துவிட்டால் எங்கள் சமையலறை மேசைக்கு வந்துவிடுகிறார்கள். இப்போது லண்டனில் இருக்கும் நம்மவர்களும் விசாரிக்கத் தொடங்கியிருப்பதால், ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

வீடு பார்க்கும்போது முதலில் வெயிலைப் பாருங்கள். பள்ளத்தாக்கில் வடக்கு நோக்கிய சரிவில் இருக்கும் வீட்டைக் குளிர்காலச் சூரியன் எட்டிக்கூடப் பார்க்காது. அறுபது சென்டிமீட்டர் தடித்த கற்சுவர் கோடையில் குளுமையாக இருக்கும் என்று விற்பவர் சொல்வார். அதே சுவர் கைபேசி அலையையும் உள்ளே விடாது என்பதைச் சொல்ல மாட்டார். சமையலறையில் நின்று யாருக்காவது ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள். துரோன், ஈல் ஆறுகள் குளிர்காலத்தில் கரை மீறுவதுண்டு. விற்பவர் தர வேண்டிய ஆவணக் கட்டில் வெள்ளம் முதலான அபாயங்களைச் சொல்லும் அறிக்கையும் உண்டு. கையொப்பமிடும் நாள்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். மருந்தகம், வைத்தியர், பேக்கரி மூன்றும் எத்தனை கிலோமீட்டர் என்று காரை ஓட்டியே அளந்துவிடுங்கள். பெர்ஜெராக் விமான நிலையத்தில் இருந்து கோடையில் பிரித்தானியாவின் பல ஊர்களுக்குப் பறக்கலாம்; குளிர்கால அட்டவணை மிகவும் மெலிந்தது. பேரப்பிள்ளைகளைப் பார்க்க அடிக்கடி போக நினைப்பவர்கள் அந்த மெலிந்த அட்டவணையை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

எய்மே போன்ற ஊரில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களும் சமாளித்துவிடலாம். வியாழக்கிழமைச் சந்தையில் ஆங்கிலம் தாராளமாகக் காதில் விழும், கிரிக்கெட் கழகம்கூட இருக்கிறது. அது தேவையா இல்லையா என்பது அவரவர் விருப்பம். ஹரோவிலேயே இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும், அவ்வளவுதான்.

அனுமதியும் அடையாளமும்

2020 டிசம்பர் 31க்கு முன்பே இங்கே குடியிருந்த பிரித்தானியருக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து வெளியேறிய ஒப்பந்தத்தின் கீழ் தனி வதிவிட அட்டை கிடைத்தது. அந்தக் கதவு மூடிவிட்டது. இனி வருகிறவர்கள், எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் நாடுகளில் தங்குவதற்கு நீண்டகால விசா எடுக்க வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாக எடுப்பது 'விசித்தர்' என்னும் வருகையாளர் விசா. வருமானச் சான்று, தங்குமிடச் சான்று, மருத்துவக் காப்புறுதி ஆகியவற்றோடு, பிரான்சில் வேலை செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழியும் கேட்பார்கள். சொந்தமாக வீடு வாங்கிவிட்டால் தங்கும் உரிமை தானாக வந்துவிடும் என்று இன்னமும் சிலர் நம்புகிறார்கள். வராது.

விசா ஒட்டிய கடவுச்சீட்டோடு வந்து இறங்கியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் செல்லுபடியாக்க வேண்டும். பெட்டிகளைப் பிரித்து, சுவருக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கும் நாள்களில் இது மறந்துபோகும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தையும் கடைசி வாரத்துக்கு வைக்காமல், காலாவதிக்கு நான்கு மாதம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

எல்லா அலுவலகத்திலும் கேட்கும் முதல் கடுதாசி, முகவரிச் சான்று. மூன்று மாதத்துக்குள் வந்த மின்சாரக் கட்டணச் சீட்டு போதும். ஆனால் அதில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். மின்சார ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே இரண்டு பெயரையும் போடச் சொல்லுங்கள். இதைச் செய்யாததால், சொந்த வீட்டிலேயே குடியிருப்பதாக நிரூபிக்க முடியாமல் அலைந்த ஆங்கிலேயப் பெண்கள் பலர் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. பிரெஞ்சு நிர்வாகம் பிறந்தபோது இருந்த பெயரைத்தான் முதன்மையாகக் கொள்ளும். கணவர் பெயர் இரண்டாவது. யாழ்ப்பாணத்துப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், லண்டன் கடவுச்சீட்டில் கணவர் பெயரோடு வேறொரு பெயர், வங்கி அட்டையில் சுருக்கிய மூன்றாவது பெயர் என்று வைத்திருக்கும் நம் பெண்களுக்கு இது பெரிய வேலை. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இரண்டையும் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் பிரெஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அவர்களின் பட்டியலை வெளியிடுகின்றன. தமிழுக்கு ஆள் தேவையென்றால் பாரிஸ் பக்கம் எளிதில் கிடைப்பார்கள். ஒரே எழுத்துக்கூட்டலை மொழிபெயர்ப்பாளரிடமும் வலியுறுத்துங்கள், முதல் படிவத்தில் இருந்து கடைசிப் படிவம்வரை அதையே எழுதுங்கள்.

எந்த ஒப்பந்தத்தை முறிப்பதானாலும், எந்த முறைப்பாடானாலும், ஒப்புகைச் சீட்டோடு கூடிய பதிவுத் தபால். தொலைபேசியில் இனிமையாகப் பேசி முடித்ததற்கு இங்கே மதிப்பில்லை. பிரெஞ்சு தடுமாறுகிறவர்கள் பக்கத்துச் சிறுநகரத்தில் 'பிரான்ஸ் செர்விஸ்' என்ற பலகை தொங்கும் இடத்தைத் தேடுங்கள். வரி, மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியம் என்று எல்லாப் படிவத்துக்கும் இலவசமாகப் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவார்கள்.

உடம்புக்கு

பிரித்தானிய அரச ஓய்வூதியம் பெறுகிறவர்கள் அங்கேயே எஸ் 1 என்ற படிவத்தைக் கேட்டு வாங்கி, இங்குள்ள மாவட்ட மருத்துவக் காப்புறுதி அலுவலகத்தில் பதிய வேண்டும். செலவை பிரித்தானியா ஏற்கும், சிகிச்சை பிரெஞ்சுக்காரருக்குக் கிடைப்பது போலவே கிடைக்கும். ஓய்வூதிய வயது வராதவர்கள் மூன்று மாதம் தொடர்ந்து வசித்தபின் விண்ணப்பிக்கலாம். 'கார்த் வித்தால்' என்ற பச்சை நிற மருத்துவக் காப்புறுதி அட்டை கையில் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மருந்தகத்தில் காசு கொடுத்து, தருகிற சீட்டுகளையெல்லாம் பத்திரப்படுத்துங்கள். பின்னால் திரும்பக் கிடைக்கும்.

அட்டையைவிட அரிதானது வைத்தியர். கிராமங்களில் குடும்ப வைத்தியர்கள் ஓய்வு பெறுகிறார்கள், அவர்கள் இடத்துக்கு ஆள் வருவதில்லை. வீட்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கு முன்பே சுற்றுவட்டாரத்தில் புதிய நோயாளிகளை ஏற்கும் வைத்தியர் இருக்கிறாரா என்று மருந்தகத்தில் கேளுங்கள், அவர்களுக்கு எல்லாம் தெரியும். ஒருவரை உங்கள் நிரந்தர வைத்தியராக அறிவித்துவிட்டால், 30 யூரோ கட்டணத்தில் 19 யூரோ திரும்பி வரும். அறிவிக்காமல் போனால் 7 யூரோதான். மீதிக்கு 'மியூத்துவெல்' எனும் துணைக் காப்புறுதி. நீரிழிவு உள்ளவர்கள், நம்மில் அது யாருக்குத்தான் இல்லை, நீண்டகால நோய்ப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வைத்தியரிடம் கேட்க வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டால் அந்த நோய் தொடர்பான செலவுக்கு நூறு சதவீத அளவில் காப்பு கிடைக்கும்.

வைத்தியர் அரிது என்றாலும் தாதியர் அப்படி இல்லை. காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க, அறுவைச் சிகிச்சைக்குப் பின் கட்டு மாற்ற, தாதி தன் சின்னக் காரில் வீட்டுக்கே வந்துவிடுவார். ஹரோவில் இதை நான் கனவிலும் கண்டதில்லை.

மருத்துவ அவசரத்துக்குத் தொலைபேசி இலக்கம் 15. தீயணைப்புப் படைக்கு 18. எதுவும் நினைவுக்கு வராவிட்டால் 112. கிராமத்தில் மாரடைப்புக்கும் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் தொண்டர் தீயணைப்பு வீரர்கள்தான், பதற வேண்டாம். 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் சின்னக் கிராமங்களும் தெருக்களுக்குப் பெயரும் வீடுகளுக்கு இலக்கமும் வைக்க வேண்டியதாயிற்று. உங்கள் புது முகவரியையும் பழைய குக்கிராமப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு மேல் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் பிரெஞ்சு இலக்கங்கள் நாக்கில் வராது. மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் சைரன் அலறினால் அது வெறும் சோதனை.

சூடு

கிராமத்து வீட்டுக்கு வருகிறவர்கள் சமையலறை அலுமாரிக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியை வெப்பத்துக்குச் செலவழித்தால் முதல் குளிர்காலத்தில் கணவன் மனைவி சண்டை குறையும்.

விறகு இங்கே ஸ்தேர் கணக்கில் விற்கிறது. ஒரு மீட்டர் நீளக் கட்டைகளை அடுக்கினால் ஒரு கன மீட்டர் வரும் அளவுக்கு ஒரு ஸ்தேர். அதையே ஐம்பது சென்டிமீட்டராக அறுத்து அடுக்கினால் 0.8 கன மீட்டர்தான் வரும், முப்பத்துமூன்றாக அறுத்தால் 0.7. விறகுக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று டேப்பை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகும் ஆங்கிலேயர் ஆண்டுக்கு ஒருவராவது உண்டு. இடைவெளி குறைகிறது, விறகு குறையவில்லை. ஓக், ஹோர்ன்பீம் மர விறகு நின்று எரியும். செஸ்நட் மரம் இந்தப் பக்கம் மலிவு, ஆனால் வெடித்துப் பொறி பறக்கும். திறந்த கணப்புக்கு ஆகாது, கண்ணாடிக் கதவு போட்ட அடுப்புக்குச் சரி.

ஈர விறகு எரியாது, புகையும். புகைபோக்கிக்குள் கீல் படிந்து தீப்பிடிக்கும். வெட்டிப் பிளந்து இரண்டு கோடை காய்ந்ததைத்தான் எரிக்க வேண்டும். அதனால் விறகை அக்டோபரில் தேடாதீர்கள். அக்டோபரில் கிடைப்பது பச்சை விறகு, அல்லது விலை கூடிய விறகு. வசந்தத்தில் வாங்கி, காற்று வரும் பக்கத்தில் தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களையும் தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே பூஞ்சணம்தான் வளரும். ஈரம் அளக்கும் சிறு கருவி கட்டிடப் பொருள் கடையில் கிடைக்கும். பிளந்த உள்முகத்தில் குத்திப் பார்க்க இருபது சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு எட்டு ஸ்தேர் போகிறது. ஆகவே எப்போதும் பதினாறு அடுக்கியிருக்கும்: இந்த ஆண்டுக்கு எட்டு, அடுத்த ஆண்டுக்கு எட்டு. புகைபோக்கியைச் சுத்தம் செய்கிறவர் போகும்போது தருகிற சான்றிதழை வாங்காமல் விடாதீர்கள். தீ விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் கேட்கும் முதல் கடுதாசி அதுதான்.

மின்சாரத்தில் விலைக்கு முன் வலுவைப் பாருங்கள். 6, 9, 12 கிலோவோல்ட் ஆம்பியர் என்று ஒப்பந்தம் இருக்கும். ஆளில்லாமல் கிடந்த வீட்டில் பெரும்பாலும் 6 இருக்கும். இரண்டு ஹீட்டர், ஓவன், கெட்டில் நான்கையும் ஒன்றாகப் போட்டால் வீடு இருட்டாகிவிடும். பயந்து மின்பணியாளரை அழைக்காதீர்கள். ஹீட்டரை நிறுத்திவிட்டு, பச்சை நிற லிங்கி மீட்டரில் கூட்டல் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் மின்சாரம் திரும்பி வரும்.

விறகு அடுப்பு நன்றாக வேலை செய்யும் வீட்டுக்கு 'தெம்போ' என்ற கட்டண முறையைப் பரிந்துரைக்கிறேன். ஆண்டில் 300 நாள் நீலம், 43 நாள் வெள்ளை, 22 நாள் சிவப்பு. நீல நாளில் மின்சாரம் மலிவு. சிவப்பு நாளில் பகல் நேர விலை பல மடங்கு. சிவப்பு, நவம்பர் முதல் மார்ச் வரை வார நாள்களில் மட்டும்தான் வரும், அதுவும் முந்தின நாளே அறிவித்துவிடுவார்கள். அன்றைக்கு அதிகாலையிலேயே அடுப்பை மூட்டிவிட்டு, துணி துவைப்பதை இரவு பத்து மணிக்குமேல் தள்ளுங்கள். மின்சார ஹீட்டரை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டுக்கு இது தண்டனை.

தண்ணீர் மீட்டர் வெளியே மூடி போட்ட குழிக்குள் இருக்கும். நவம்பரில் அதற்குள் தெர்மகோல் துண்டுகளை நிரப்புங்கள். வைக்கோல் வேண்டாம், ஈரம் பிடிக்கும். கழிவுத் தொட்டி உள்ள வீடு என்றால், விற்பனைக்கு முன் செய்த பரிசோதனை அறிக்கை மூன்று ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். தரத்துக்கு ஒத்துவரவில்லை என்று அறிக்கை சொன்னால், வாங்கியவர் ஓராண்டுக்குள் சரிசெய்ய வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவாகும். வீட்டு விலையைப் பேசும்போதே அதைப் பேசிவிடுங்கள்.

வேலைக்காரர், கடை, அயல்

கூரை, குழாய், மின்சாரம் எதுவானாலும் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அதில் பதிவிலக்கமும் பத்தாண்டு உத்தரவாதக் காப்புறுதியின் விவரமும் இருக்க வேண்டும். ஆங்கிலம் பேசும், காசாகக் கொடுத்தால் குறைக்கும், பதிவில்லாத ஆள்கள் இங்கே உண்டு. நல்லவர்களாகவும் இருக்கலாம், கூரை ஒழுகும்போது உங்கள் கையில் ஒரு கடுதாசியும் இருக்காது என்பதுதான் பிரச்சினை. பதிவுள்ளவர்கள் சிலர் இன்னமும் காசோலை கேட்பார்கள். கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். காசோலை திரும்பி, அதைச் சரிசெய்யாமல் விட்டால் ஐந்தாண்டுவரை காசோலை எழுதத் தடை.

பன்னிரண்டு மணிக்குக் கடை மூடும், இரண்டு மணிக்குத் திறக்கும். இதோடு சண்டை போட்டு யாரும் வென்றதில்லை. ரிபெராக் சந்தை வெள்ளிக்கிழமை. பிரித்தானியாவில் இருந்து வரும் உறவினர்களிடம் நெய், தயிர், ஆட்டிறைச்சிக் கறி எதையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 2021 ஜனவரியில் இருந்து இறைச்சியும் பால்பொருளும் பயணப் பையில் வரக்கூடாது. கறிவேப்பிலையும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் வர முடியாது. தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டியதில்லை. நாங்கள் அங்குலேம்வரை காரில் போய், அங்கிருந்து இரண்டு மணிநேர விரைவு ரயிலில் பாரிஸ் போய், தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் பை நிறைய வாங்கி வருகிறோம். பச்சை மிளகாய் தோட்டத்திலேயே வருகிறது. மே நடுப்பகுதியில் வரும் 'பனிப் புனிதர்கள்' நாள்கள் கழியுமுன் கன்றை வெளியே நடாதே என்று பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னார், அதைக் கேட்டு நடக்கிறேன்.

கடைக்குள் நுழைந்ததும், வேறு எதைக் கேட்கும் முன்னும், போன்ஜூர். பேக்கரி வரிசையில் நிற்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ரொட்டி கேட்பவருக்கு ரொட்டி கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. குடிவந்த வாரமே மெரி எனும் மேயர் அலுவலகத்துக்குப் போய் உங்களை அறிமுகப்படுத்துங்கள். சின்ன ஊரில் அது வாரத்தில் சில அரை நாள்கள்தான் திறந்திருக்கும். மேயரைவிடச் செயலாளர் முக்கியமானவர். 2020 தேர்தலில் இருந்து பிரித்தானியருக்கு உள்ளூரில் வாக்கும் இல்லை, உறுப்பினர் பதவியும் இல்லை. அதுவரை நூற்றுக்கணக்கானோர் கிராம சபைகளில் இருந்தார்கள். வாக்கு இல்லாவிட்டாலும் ஜனவரியில் மேயர் கூட்டும் புத்தாண்டு வாழ்த்துக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். தெரு விளக்கு, குப்பைத் தொட்டி, யார் வீட்டு ஓக் விற்பனைக்கு இருக்கிறது, எல்லாம் அங்கே தெரியும். அயலவர் மாலையில் அப்பெரித்திப் எனும், சாப்பாட்டுக்கு முந்திய பான விருந்துக்கு அழைத்தால் நான் மீன் றோல்ஸ் கொண்டுபோவேன், மிளகாயைப் பாதியாகக் குறைத்து. அதற்குக் கைமாறாக வந்த சுரைக்காயும் வால்நட்டும் கணக்கில்லை.

செப்டம்பரில் இருந்து பெப்ரவரி முடியும்வரை வேட்டைக் காலம். காட்டுப் பாதையில் நடக்கிறவர்கள் செம்மஞ்சள் மேலங்கி போடுங்கள், நாய்க்கும் ஒன்று. வேட்டை நடக்கிறது என்ற பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். இலையுதிர்காலத்தில் காளான் பொறுக்க ஆசை வரும். காடு பெரும்பாலும் யாரோ ஒருவருடையது, கேட்காமல் எடுத்தால் திருட்டு.

கார் விஷயம் சுருக்கம். 2021க்கு முன் வழங்கிய பிரித்தானிய ஓட்டுநர் உரிமம் காலாவதியாகும்வரை செல்லும். முடிய ஆறு மாதம் இருக்கும்போது மாற்ற விண்ணப்பியுங்கள். பிந்தியது என்றால் குடிவந்த முதல் ஆண்டிலேயே மாற்றுங்கள். பலகை எதுவும் இல்லாத சந்தியில் வலப்பக்கத்தில் இருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும், அவர் உழவு இயந்திரத்தில் வந்தாலும்.

கடைசியாக வரி. வருமானப் பிரகடனம் ஏப்ரல், மே மாதங்களில். பிரித்தானிய அரச ஓய்வூதியத்துக்கு வரி இங்கே. என்னைப் போல உள்ளூராட்சி ஓய்வூதியம் பெறுகிறவர்களுக்கு அதன் வரி பிரித்தானியாவில்தான், ஆனாலும் இங்கே காட்ட வேண்டும். அங்கே வரியில்லாத ஐசா சேமிப்புக்கு இங்கே வரி உண்டு. லண்டனில் இருக்கும் ஒவ்வொரு வங்கிக் கணக்கையும், பத்து பவுண்டு கிடக்கும் பழைய கணக்கையும் சேர்த்து, 3916 என்ற படிவத்தில் எழுதுங்கள். மறைத்த கணக்கு ஒன்றுக்கு 1,500 யூரோ அபராதம். பிரித்தானியாவின் குளிர்கால எரிபொருள் உதவித்தொகை பிரான்சில் இருக்கிறவர்களுக்குக் கிடைப்பதில்லை, அதை வருமானத்தில் எதிர்பார்க்காதீர்கள். முதல் ஆண்டில் வரி இலக்கம் இல்லாதவர்கள் காகிதப் படிவத்தை நிரப்பி வரி அலுவலகத்தில் நேரில் கொடுப்பது நல்லது. காலை பத்து மணிக்குப் போனால் பொறுமையாக விளக்குவார்கள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போகாதீர்கள்.